கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவரிடம் கடன் கணக்கைக் கேளுங்கள்

சித்திரை, வைகாசி மாதங்களில் டி.கல்லுப்பட்டி வட்டாரத்தின் கரிசல் காடுகள் கோடை உழவு போட்டுக் காய்ந்து கிடக்கும். பருத்தி மார் பிடுங்கி முடிந்திருக்கும். விவசாயிக்குக் காட்டில் வேலை குறைவு. கல்லூரிகளிலும் இது விடுமுறைக் காலம். இந்த இரண்டு மாதங்களில்தான் வேளாண்மை, பொருளியல், மேலாண்மை படிக்கும் மாணவர்கள் வேளாண் கடன் தரும் நிறுவனங்களுக்குக் கோடைப் பயிற்சிக்கு வருகிறார்கள். நோட்டும் கையுமாக ஊருக்குள் வரும் இவர்களை, 'ஏதோ படிப்புக்காகக் கேட்கிறார்கள்' என்று இரண்டு வரி பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது நமக்குத்தான் நட்டம்.

யார் இந்த மாணவர்கள்?

தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, 1982 ஜூலை 12-ல் தொடங்கப்பட்டது. இது விவசாயிக்கு நேரடியாகப் பயிர்க் கடன் தருவதில்லை. கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் போன்றவற்றுக்கு மறுநிதி கொடுக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வளம் சார்ந்த கடன் திட்டத்தை ஆண்டுதோறும் தயாரிக்கிறது. இந்த வங்கி மாணவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. முதுநிலைப் படிப்பில் முதலாண்டை முடித்தவர்கள் 8 முதல் 12 வாரங்கள் வரை ஒரு குறிப்பிட்ட தலைப்பில் களஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். மாத உதவித்தொகையும் உண்டு.

இதுதவிர, இளநிலை வேளாண்மை இறுதியாண்டு மாணவர்கள் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் ஊர்களில் தங்குகிறார்கள். 1965-ல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரியின் மாணவர்களை நம் பக்கத்து விவசாயிகள் நன்கு அறிவார்கள். விதை நேர்த்தி, பொறி வைத்தல் போன்ற செயல்விளக்கங்களோடு, வங்கியும் கூட்டுறவுக் கடன் சங்கமும் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பதும் இவர்களுக்குப் பாடம்தான்.

கல்லுப்பட்டிக்குப் புதிதல்ல

மாணவர்களை ஊருக்குள் அனுப்பிக் கணக்கெடுப்பது நூறாண்டுப் பழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களின் நிலம், கூலி, கடன் விவரங்களைத் திரட்டினார். 1918-ல் அது நூலாக வந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வடமலாபுரமும் அந்த ஊர்களில் ஒன்று.

1940-ல் தொடங்கப்பட்ட டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். 1929-30-ல் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் வட்டத்தின் ஊர் ஊராகச் சென்று, குடும்பம் குடும்பமாக வரவு செலவு எழுதினார். நிலவரி, உழவர்கள் தாங்கக்கூடிய அளவை மீறியிருக்கிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. அரசாங்க ஏட்டை மட்டும் புரட்டியிருந்தால் அது தெரிந்திருக்காது. கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவர் செய்ய வேண்டியதும் இதே வேலைதான்.

ஏட்டில் இல்லாத தேதி

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியுடன் களத்துக்குப் போயிருந்தேன். மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். கடன் ஏட்டில் அவர் கணக்கு சுத்தம். பருத்திக்குக் கடன், தவணைக்குள் கட்டியாகிவிட்டது, வட்டி கிடையாது. மாணவி கேட்டதற்கும் அவர் அப்படியே சொன்னார். பத்து நிமிடத்தில் படிவம் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது அவர் மனைவி, "அந்த நோட்ட மூடி வை பாப்பா, நான் சொல்றேன்" என்றார். புரட்டாசியில் விதைப்பு. கடன் பணம் கைக்கு வந்தது கார்த்திகையில். இடையில் அவருடைய சங்கிலி தனியாரிடம் அடகுக்குப் போனது. 40,000 ரூபாய், இரண்டு ரூபாய் வட்டி. பயிர்க் கடன் வந்ததும் அதை வைத்து நகையைத் திருப்பினார்கள். உரமும் மருந்தும் கடையில் கடன். அதனால் பருத்தியை அந்தக் கடைக்காரர் சொன்ன விலைக்கே போட வேண்டியதாயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 800 வீதம் இரண்டு மாதத்துக்கு 1,600 ரூபாய். வட்டியில்லாக் கடன் வாங்கியவர் கட்டிய வட்டி இது. பருத்தி விலையில் விட்டது தனி. கடன் கொடுத்தவர் ஏட்டில் இது எதுவும் இல்லை.

ஏன் தாமதம் என்று மாணவி தேதி தேதியாக எழுதினார். பழைய கடனை அடைத்தது ஆவணிக் கடைசியில். அடங்கல் வாங்கியது புரட்டாசியில். அதே வாரத்தில் ஊரே மனு கொடுத்ததால் வரிசையில் நின்றது ஒரு மாதம். தவறு ஒருவர் பக்கம் மட்டும் இல்லை. கடன் அதிகாரி அந்த ஒரு பக்கத் தாளைப் படித்துவிட்டு, "பட்டுவாடா தேதி எங்ககிட்ட இருக்கு, விதைச்ச தேதி இல்லையே" என்றார். அடுத்த கோடையில் அந்தக் குடும்பம் வைகாசியிலேயே காகிதங்களைத் திரட்டியது. ஆவணியில் பணம் வந்தது. அந்த வருடம் சங்கிலி அடகுக்குப் போகவில்லை.

நம் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, கம்பு எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பிய பயிர்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஈரம் இருக்கும்போது விதை விழ வேண்டும். பட்டம் தப்பி வரும் பணம் பயிருக்குப் பயன்படாது. பழைய கடனை அடைக்கத்தான் உதவும். கோடையில் வரும் மாணவர் நமக்குப் பயன்படுவது இதனால்தான். அவர் வருவது விதைப்புக்கு நான்கு மாதம் முன்பு. காகிதத்தைச் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது.

மாணவரிடம் கேட்க வேண்டிய கணக்குகள்

முதலாவது, 'எனக்கு எவ்வளவு கடன் வரம்பு?' பயிர் வாரியாக ஏக்கருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. கிசான் கடன் அட்டையில் அந்தத் தொகையைப் பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பத் தேவைக்கும் 10 சதவீதமும், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்ப்பார்கள். உதாரணமாக, ஏக்கருக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3 ஏக்கருக்கு 75,000. அதனுடன் 7,500 மற்றும் 15,000 சேர்த்து 97,500 ரூபாய். பயிர்க் காப்பீட்டுத் தொகை இதற்கு மேல். உங்கள் வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, 'எனக்கு எவ்வளவு வட்டி?' வங்கியில் 3 லட்சம் வரையிலான பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணைக்குள் கட்டினால் 3 சதவீதச் சலுகை போக 4 சதவீதம். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. மூன்று ரூபாய் வட்டிக்கு வெளியில் 1 லட்சம் வாங்கினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். வங்கியில் அதே தொகைக்கு 4,000 ரூபாய். தவணை தேதி தப்பினால் சலுகை போய்விடும். ஆகவே தேதியை மாணவரிடம் கேட்டு வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, 'பிணை வேண்டுமா?' 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு முன் இந்த வரம்பு 1.6 லட்சமாக இருந்தது.

நான்காவது, 'காப்பீடு பிடித்தார்களா?' பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் ராபி பருவ தானியம், பயறு, எண்ணெய்வித்துகளுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம், பருத்தி போன்ற வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம். 2020 காரீப் பருவம் முதல் கடன் பெற்றவர்களுக்கும் இது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டும் என்றால், நீங்கள் விதைத்த பயிரின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மக்காச்சோளம் போட்டுவிட்டுப் பருத்திக்குக் காப்பீடு இருந்தால் இழப்பீடு கிடைக்காது.

பட்டா தாத்தா பெயரில் இருக்கிறதா?

கடன் கேட்க வராதவர்களின் கணக்கையும் மாணவர் எழுத வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பவர், கணவர் இறந்தபின் பெயர் மாற்றாத பெண், வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் ஆகியோர் கடன் ஏட்டில் வருவதே இல்லை. முதல் இருவரும் கோடையிலேயே பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்கலாம். குத்தகைதாரர்கள் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் பெற வழி இருக்கிறது. ஊருக்கு இப்படி எத்தனை பேர் என்ற பட்டியலை மாணவர் தயாரித்துக் கொடுத்தால், அதுவே நல்ல அறிக்கை.

கடன் அதிகாரிகளும் களப்பணியாளர்களும்

பயிற்சிக்கு வந்தவரைக் கணினியில் பதிவேற்றும் வேலைக்கு உட்கார வைத்துவிட்டால் பத்து வாரமும் வீண். முதல் வாரம் சங்கத்தில் ஏடுகளைக் காட்டுங்கள். பிறகு ஊருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஐந்து தேதிகளைக் குறித்து வரச் சொல்லுங்கள்: பழைய கடன் அடைத்த நாள், அடங்கல் வாங்கிய நாள், மனு கொடுத்த நாள், விதைத்த நாள், பணம் கைக்கு வந்த நாள். முப்பது பேருடைய தேதிகள் கிடைத்தால் தாமதம் எங்கே என்று தெரிந்துவிடும். உதவி வேளாண்மை அலுவலர்கள் அந்த வாரங்களில் ஒரு நாளாவது உடன் செல்லலாம். முக்கியமாக, அறிக்கையின் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, அந்த ஊரிலேயே வாசித்துக் காட்ட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். வெளிக்கடனை யாரும் முதல் நாளில் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது முறை போங்கள். வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள். பெயர் போடாமல் எழுதுங்கள். நம்பிச் சொன்ன கடனை ஊருக்குள் பேசாதீர்கள்.

விவசாயிகளுக்கும் ஒரு எச்சரிக்கை. பயிற்சி மாணவர் கடன் வசூலிப்பவர் அல்ல. அடையாள அட்டையைப் பார்த்தபின் பேசுங்கள். பணம், கையெழுத்திட்ட வெற்றுத்தாள், கைபேசிக்கு வரும் ஓடிபி எண் எதையும் அவரிடம் கொடுக்க வேண்டாம். கொடுக்க வேண்டியது உண்மையான செலவுக் கணக்கும் தேதிகளும் மட்டுமே.

வைகாசி முடிவதற்குள் சிட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகம், பழைய கடன் ரசீது ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். அடங்கலுக்கு இந்த ஆண்டு எப்போது போக வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டுடன் ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், திண்ணையில் உட்காரச் சொல்லி அந்தப் பையை எடுத்து வாருங்கள்.

- கட்டுரையாளர், உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி