ரெண்டு வேலைக்கு நடுவுல ஒரு சைக்கிள் ரைடு

நம்ம சைக்கிள் குழு மாமல்லபுரம் போன ரைடை வீடியோவில் கொஞ்சம் காட்டியிருந்தேன். "தலைக்கு எவ்வளவு ஆச்சு, கணக்கு போடுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. கணக்கு இருக்கு. ஆனா வீடியோவில் காட்டாத ஒரு பில்லும் இருக்கு. அந்த பில்லுக்குச் சொந்தக்காரர்கிட்ட அனுமதி வாங்கிட்டுதான் இதை எழுதறேன். பேர் மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டார், அதனால தம்பின்னே வச்சுக்குவோம்.

முதல்ல கணக்கு. மொத்தம் ஒன்பது பேர், எல்லாரும் மாசச் சம்பளக்காரங்க. சனிக்கிழமை காலை 4.45க்கு திருவான்மியூர்ல கிளம்பினோம். அக்கரை, உத்தண்டி தாண்டி முட்டுக்காடு பாலத்துக்கு வரும்போது விடிஞ்சுது. ஈசிஆர்ல வெயிலும் டிராஃபிக்கும் ஏறுறதுக்குள்ள போயிடணும், அதான் அவ்வளவு சீக்கிரம். கோவளம், திருவிடந்தை வழியா சுமார் 50 கிலோமீட்டர். நடுவுல ஒரு டியூப் பஞ்சர், ரெண்டு டீ. ஊருக்குள்ள போனதும் முதல் வேலை இட்லி.

தங்கினது கடற்கரைக்குப் பக்கத்துல ஒரு ஹாஸ்டல். அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை, சைக்கிளை உள்ளேயே பூட்டி வைக்க இடம். வருஷம் முன்னாடி இதே ரூட்ல ஒரு ரிசார்ட்டில் தங்கி, தலைக்கு 3,400 ஆச்சு. அதுக்கப்புறம் சம்பளம் கம்மியா வாங்குற ரெண்டு பேர் ஏதோ காரணம் சொல்லி வராமலே நின்னுட்டாங்க. சைக்கிள் ஓட்டறது இலவசம், ஆனா கூடப் போறது இலவசம் இல்லைன்னு எங்களுக்கு லேட்டாதான் புரிஞ்சுது. இந்தத் தடவை ரெண்டு பேரும் வந்தாங்க. கட்டில் வரியோட 750, ராத்திரி சாப்பாடு 280, ரெண்டு காலை டிபன் 200, இளநீர் தண்ணி வகையறா 120, கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்க 40 ரூபாய் டிக்கெட், பொதுச் செலவு 60. ஆக 1,450.

(ஹாஸ்டல் பில்லைப் பார்த்தா ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி 12 சதவீதம் இருந்தது. சைக்கிளுக்கும் அதே தேதியிலிருந்து 12 போய் 5. லீவுக்குப் போன இடத்துலயும் பில்லைத் திருப்பிப் பார்க்கற வியாதி எனக்கு உண்டு.)

இப்ப அந்த இன்னொரு பில்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, கோவளத்துக்கு முன்னாடி, ரோட்டோரம் காத்துல அடிச்சு வந்த மணல். தம்பியோட முன் சக்கரம் அதுல வழுக்குச்சு. பின்னாடி வண்டி எதுவும் வரல, அதுவரைக்கும் புண்ணியம். தோள்பட்டை தரையில் இடிச்சு காலர் போன் முறிஞ்சுது. ஹெல்மெட்டில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். தலையில பட்டதால பக்கத்து ஆஸ்பத்திரியில ஸ்கேன், எக்ஸ்ரே, ஒரு ராத்திரி கண்காணிப்பு. ஆபரேஷன் வேண்டாம், கையைத் தொங்கல் போட்டு ஆறு வாரம் ஓய்வுன்னாங்க. பில் 41,300.

கவுன்ட்டர்ல "இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னு கேட்டதும் தம்பி தெம்பா கம்பெனி கார்டை நீட்டினார். நான் பக்கத்துல நிக்கறேன். அப்பதான் எனக்கு உறைச்சுது. அவருக்கு அந்த கம்பெனியில் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில் அதுக்காகத்தான் கேக் வெட்டினோம். நானும்தான் சாப்பிட்டேன். புது வேலை அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை. நடுவுல ரெண்டு வாரம் ஃப்ரீயா இருக்கலாம்னு அவரே கேட்டு வாங்கின இடைவெளி.

பொதுவா ஆபீஸ் குழு இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். புது ஆபீஸ் பாலிசி சேர்ற நாள்லதான் ஆரம்பிக்கும். நடுவுல நீங்க யாருடைய லிஸ்ட்லயும் இல்லை. டிபிஏ போய்ச் சேர்ந்த கோரிக்கைக்கு ஒரே மணி நேரத்தில் பதில் வந்துடுச்சு: இந்த உறுப்பினர் இப்போது பாலிசியில் இல்லை.

"அக்கா, பேங்க்ல 20 ரூபாய் பிடிக்கறாங்களே, அது வராதா?"ன்னு கேட்டார். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவைச் சொல்றார். வருஷம் 20 ரூபாய்க்கு அது நல்ல திட்டம், எல்லாரும் வச்சிருக்கலாம். ஆனா விபத்தில் உயிரிழப்பு அல்லது முழு நிரந்தர ஊனம்னா 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனம்னா 1 லட்சம். ஆஸ்பத்திரி பில்லுக்கு அதுல ஒரு பைசா வராது.

அவர் அக்கவுன்ட்டில் 18,000 இருந்தது. பழைய கம்பெனி செட்டில்மென்ட் இன்னும் வரல. சைக்கிளுக்கு வேற 'நோ காஸ்ட்' இஎம்ஐ ஓடுது. (அதுவும் முழுசா நோ காஸ்ட் இல்லை. கிரெடிட் கார்டில் எடுத்தா வட்டியைத் தள்ளுபடியா காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மென்ட்டில் வந்து நிக்கும்.) மீதி 23,300ஐ நாங்க எட்டு பேர் யுபிஐல போட்டோம். ஐயாயிரம் போட்டவங்களும் உண்டு, ஐந்நூறு போட்டவங்களும் உண்டு. கை சரியாகாததால வேலையில் சேர்றதும் ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு, அதாவது அரை மாசச் சம்பளமும் போச்சு.

எனக்கு இதுல உறுத்தறது என்னன்னா, ரிசைன் பண்ணப் போறேன்னு முதல்ல சொன்னதே என்கிட்டதான். நோட்டீஸ் பீரியட், பிஎஃப் டிரான்ஸ்ஃபர், ஃபார்ம் 16 எல்லாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. ஊருக்கெல்லாம் வீடியோ போடற ஆளு.

நீங்க வேலை மாறப்போறீங்கன்னா, ராஜினாமா மெயில் அனுப்பறதுக்கு முன்னாடியே சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்துடுங்க. புது பாலிசிக்கு முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு, ஆனா விபத்துக்கு அது பொருந்தாது. பாலிசி ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே விபத்துக்குக் கவர் உண்டு. தம்பி மட்டும் ஒரு வாரம் முன்னாடி எடுத்திருந்தா இந்தக் கட்டுரையே இல்லை. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, முன்னாடி 18 சதவீதம் கட்டிட்டிருந்தோம். பிரீமியத்துக்கு வருமான வரிக் கழிவு மட்டும் பழைய வரி முறையில்தான்; புது முறையில் இருக்கறவங்க அதை எதிர்பார்த்து எடுக்காதீங்க. குழு பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தோட தனிநபர் பாலிசிக்கு மாறவும் வழி உண்டு. எச்ஆர்கிட்ட கடைசி நாளைக்கு முன்னாடியே கேளுங்க, அதுக்கப்புறம் உங்க மெயிலுக்குப் பதில் வராது.

"சைக்கிள் ஓட்டறது சாகச விளையாட்டு, க்ளெய்ம் தரமாட்டாங்க"ன்னு எங்க குழுவிலேயே ஒருத்தர் பயமுறுத்தினார். ஹெல்த் பாலிசிகளில் வழக்கமா இருக்கற விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையா ஈடுபடறவங்களுக்குத்தான். வார இறுதியில் மாமல்லபுரம் போற நமக்கில்லை. இன்னொண்ணு, அடிபட்ட அன்னிக்கு எடுத்த எக்ஸ்ரே ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. வெறும் ஓபி சிகிச்சைக்குப் பணம் வராது, ஆனா அதே காயத்துக்கு அப்புறம் அட்மிட் ஆனா, அட்மிஷனுக்கு முந்தைய செலவுன்னு அதையும் சேர்த்துக் கேட்கலாம். பெரும்பாலான பாலிசியில் 30 நாள் வரைக்கும்.

தம்பி இப்ப 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருக்கார், பிரீமியம் வருஷம் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. எங்க 23,300ஐ மாசம் 4,660ன்னு அஞ்சு தவணையில் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம்னு சொன்ன ரெண்டு பேர்கிட்ட சண்டை போட்டே கொடுத்தார்.

ரைடுக்குப் பேர் கொடுக்கற ஷீட்டில் முன்னாடி பேர், போன் நம்பர், ரத்த வகை மட்டும் இருந்தது. இப்ப "இன்னைக்குத் தேதியில் ஓடற பாலிசி நம்பர்"னு ஒரு கட்டம் சேர்த்திருக்கோம். அடுத்த தடவை மரக்காணம் வரைக்கும் போகலாம்னு பேச்சு. ஷீட்டில் முதல் வரியை நிரப்பினது தம்பிதான். அஞ்சாவது ஆள் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கார், சாயங்காலம் அவருக்கு போன் பண்ணணும்.