கேமராவுக்கு வெளியே நின்ற கைகள்

விரல்களின் மொழி – 9

2023 அக்டோபர் 25, புதன்கிழமை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற ஊர். மாலை 6.56-க்கு ஒரு பவுலிங் கூடத்தில் துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டே நிமிடத்தில், சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு மதுக்கூடத்துக்குள் அதே ஆள் நுழைந்தான். சரிவான பலகையில் இருக்கும் ஓட்டைக்குள் சின்னச் சின்னப் பைகளை எறியும் விளையாட்டுக்காக அன்று அங்கே கூடியிருந்தவர்களில் காது கேளாத நண்பர்களும் உண்டு. அந்த இரவு மொத்தம் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் காது கேளாதவர்கள்.

சுட்டவன் தப்பிவிட்டான். வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க உத்தரவு போட்டார்கள். அவனைப் பிணமாகக் கண்டெடுக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஜனங்களுக்கு டிவிதான் கதி. அதிகாரிகள் மைக் முன்னால் வந்து நிலவரம் சொன்னார்கள். பக்கத்திலேயே சைகைமொழி பெயர்ப்பாளர் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கேமராக்கள் பேசுகிற அதிகாரியின் முகத்தை மட்டும் நெருக்கிக் காட்ட, பெயர்ப்பாளர் திரைக்கு வெளியே போய்விட்டார். நண்பர்களைப் பறிகொடுத்தவர்கள், யார் மிஞ்சினார்கள், கொலைகாரன் எந்தப் பக்கம் ஓடினான் என்று தெரியாமல், அசைகிற உதடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கீழே எழுத்து ஓடுகிறதே, படித்துக்கொள்ளலாமே என்று நமக்குத் தோன்றும். அமெரிக்கச் சைகைமொழி வேறு, ஆங்கிலம் வேறு. சைகைமொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி. முகம் மாறினால் பொருளே மாறும். பிறந்ததிலிருந்து சைகையில் யோசித்தவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. போதாததற்கு, நேரலையில் ஓடும் எழுத்து ஆட்களின் பெயரிலும் ஊர்ப் பெயரிலும்தான் அதிகம் தடுக்கி விழும். அந்த நேரத்தில் அவர்கள் தேடியதோ அந்தப் பெயர்களைத்தான்.

ஷில்டு, டேலன்பெர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'தகவல் இழப்பு அதிர்ச்சி' என்று சொல்லலாம். நடந்த சம்பவம் ஒரு காயம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் தவிப்பது அந்தக் காயத்தையே ஆழமாக்குகிறது என்பது அவர்கள் கண்டது.

நம் ஊர்ச் சாவு வீட்டை நினைத்துப் பார்த்தால் இது எனக்குப் புரிகிறது. அங்கே போவதற்கே 'துக்கம் விசாரிப்பது' என்றுதான் பெயர். வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். ராத்திரி எத்தனை மணிக்கு இருமல் வந்தது, கடைசியாக யாரிடம் தண்ணீர் கேட்டார் என்று அந்த வீட்டுக்காரம்மா நாற்பது தடவை சொல்லுவார். சொல்லச் சொல்லத்தான் அவருடைய மனசு அந்தச் சாவை ஏற்றுக்கொள்ளும். அதே வீட்டில் காது கேளாத மகன் ஒருவன் இருந்தால்? மூலையில் நின்று வாய்களைப் பார்ப்பான். யாரையாவது தொட்டுக் கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்று ஒரு கையசைப்பு. அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை. காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோரில் பலர் சைகை கற்பதே இல்லை. துக்கம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, சாப்பாட்டு வேளைப் பேச்சிலிருந்தே இந்தத் தவிப்பு அந்தக் குழந்தைகளுக்குத் தொடங்கிவிடுகிறது. அதன் மேல்தான் இடி விழுகிறது.

லூயிஸ்டனில் காது கேளாதவர்கள் சும்மா இருக்கவில்லை, முறையிட்டார்கள். மாநிலப் பொதுப் பாதுகாப்பு ஆணையர் மைக் சாஸ்சக் செய்தியாளர்களிடம் நேரடியாகவே வேண்டிக்கொண்டார்: இறந்தவர்களில் நான்கு பேர் காது கேளாதவர்கள், அவர்களுடைய குடும்பங்களுக்காகவாவது சைகைமொழி பெயர்ப்பாளரை எல்லாக் காட்சியிலும் விடாமல் காட்டுங்கள் என்று.

கொரோனா நாட்களில் மெய்ன் மாநிலச் சுகாதாரத் துறை டிவியில் விளக்கம் கொடுத்தபோது, காது கேளாதவர்களுக்கு அதைச் சைகையில் கொண்டுசேர்த்தவர் ஜோஷுவா சீல். அவரும் காது கேளாதவர். இப்படிப்பட்ட பெயர்ப்பாளர்களுக்கு எதிரே, கேமரா கண்ணில் படாமல், காது கேட்கும் இன்னொரு பெயர்ப்பாளர் இருப்பார். பேச்சைக் கேட்டு அவர் சைகையில் தருவதை வாங்கி, இவர் மக்களுக்குப் புரிகிற சைகையில் விரித்துச் சொல்வார். எத்தனை பேருக்குத் தொற்று, எப்போது முகக்கவசம் போட வேண்டும் என்பதையெல்லாம் அந்த மக்கள் சீலின் கைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

லூயிஸ்டன் மதுக்கூடத்தில் இறந்த காது கேளாத நான்கு பேரில் அவரும் ஒருவர்.