அழாதவளுக்கும் வலிக்கும்!

உங்க வீட்டுல அக்கா, தங்கச்சி இருக்காங்களா? ஒருத்தி சின்ன விஷயத்துக்கே கதவைச் சாத்திக்கிட்டு அழுவா. இன்னொருத்தி எது நடந்தாலும் 'ஒண்ணுமில்லை'னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பா. ரெண்டு பேருல யாருக்கு வலி அதிகம்? டக்குனு பதில் சொல்லிடாதீங்க. இந்தக் கேள்விக்காக ஜேன் ஆஸ்டின் ஒரு முழு நாவலே எழுதியிருக்காங்க!

1811-ல் வெளியான அந்த நாவல், 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. அட்டையில் ஆஸ்டின் பெயர்கூட இல்லை. 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பார்த்திருக்கீங்களா? அதுக்கு மூலக்கதை இதுதான். தபு நடித்தது அக்கா எலினார். ஐஸ்வர்யா ராய் நடித்தது தங்கை மரியான்.

அப்பா இறந்ததும், பெரிய வீடு மூத்த தாரத்து மகனுக்குப் போய்விடுகிறது. அம்மாவும் மூன்று பெண்களும் டெவன்ஷயரில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். 19 வயது எலினார்தான் செலவுக்கணக்கு பார்க்கிறாள், அம்மாவையும் தேற்றுகிறாள்.

மரியான் அப்படியே நேரெதிர். மழையில் மலைச்சரிவில் விழுந்தவளைத் தூக்கி வந்த வில்லோபி மேல் காதல். அதை அவள் மறைக்கவே இல்லை. பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அவன் 50,000 பவுண்ட் சொத்துள்ள பெண்ணைக் கட்டிக்கொள்ள, சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு.

சரி, அக்கா? அவளுக்கு எட்வர்டைப் பிடிக்கும். ஒருநாள் லூசி என்ற பெண் தனியாக வந்து, 'எட்வர்டுக்கும் எனக்கும் நாலு வருஷத்துக்கு முன்னாடியே நிச்சயமாயிடுச்சு. யார்கிட்டேயும் சொல்லிடாதே' என்கிறாள். எலினார் வாக்கு கொடுக்கிறாள். நாலு மாசம் அதை மனசுக்குள்ளேயே சுமக்கிறாள். தங்கையின் கண்ணீரைத் துடைத்ததும் அதே நாலு மாசத்தில்தான்!

விஷயம் வெளியே வந்ததும் மரியான் என்ன நினைத்தாள் தெரியுமா? 'இவ்வளவு சுலபமா தாங்கிக்கிட்டியே, அப்போ நீ பெருசா நேசிக்கலை போல!' அப்போதுதான் எலினார் முதல்முறையாக மனசைத் திறக்கிறாள். கேட்கக் கேட்க மரியானுக்குக் குற்ற உணர்ச்சியில் அழுகை முட்டுகிறது.

எலினார் கல் இல்லை. லூசி கட்டிக்கொண்டது எட்வர்டை இல்லை, அவன் தம்பியைத்தான் என்று கடைசியில் தெரியவரும் நொடியில், அறையை விட்டு ஓடிப்போய் அழுது தீர்க்கிறாள். சந்தோஷ அழுகை!

மரியான் தன்னைக் கவனிக்காமலே விட்டு, காய்ச்சலில் சாவு வரை போய் மீள்கிறாள். எலினாரோ, கூடப் பிறந்தவளே தப்பாக நினைக்கும் அளவுக்கு மௌனமாக இருந்துவிடுகிறாள். கொட்டித் தீர்ப்பதற்கும் ஒரு விலை, அடக்கி வைப்பதற்கும் ஒரு விலை.

உங்க ஹாஸ்டல் ரூம்லயும் ஒரு எலினார் இருக்கலாம். எல்லார் கதையையும் கேட்பா, தன் கதையைச் சொல்லமாட்டா. 'ஒண்ணுமில்லை'ன்னு அவ சொன்னா, இன்னிக்கு ரெண்டாவது தடவையும் கேட்டுப் பாருங்க. அந்த எலினாரே நீங்கதானா? நாலு மாசமெல்லாம் காத்திருக்காதீங்க, ப்ளீஸ்!