குடவோலையும் மின்குமிழும்

மின்னாற்றலை மக்களுக்கு வழங்கும் நிறுவனத்தைத் தமிழகத்தார் ‘மின்சார வாரியம்’ என்பர். ஈழத்துத் தமிழராகிய நாம் ‘மின்சார சபை’ என்று வழங்கினோம். முன்னையது 1957-இலும் பின்னையது 1969-இலும் நிறுவப்பெற்றன. இவ்விரு சொற்களும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கோயிற் சுவரில் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன என்பதை வாசகர் பலர் எண்ணியிரார். காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலே அது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், அவ்வூர்ச் ‘சபை’ தன் ‘வாரியங்களுக்கு’ ஆள் தெரியும் முறையை அங்கே வகுத்துரைத்தது. ஏரியைப் பார்ப்போர் ஏரி வாரியத்தார். தோட்டம் பார்ப்போர் தோட்ட வாரியத்தார். பொன்னின் மாற்றுரைத்துப் பார்ப்போர் பொன் வாரியத்தார். இவர்களெல்லாரும் வாரியப் பெருமக்கள் எனப்பட்டனர். இன்று நாம் பணிப்பாளர் என்றும் தமிழகத்தார் இயக்குநர் என்றும் கூறுவோரை இப்பெயரால் அழைத்திருப்பின் மொழிக்கும் அழகாயிருந்திருக்கும், அமர்ந்திருப்போர்க்கும் சற்றுப் பொறுப்புத் தோன்றியிருக்கும்.

பெயர் நிலைத்ததேயன்றித் தெரிவு முறை நிலைக்கவில்லை. களனியாற்றுக்கு வடகரையில், வத்தளையிலே வாழ்ந்து வரும் யான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மின்கட்டணம் செலுத்தி வருகின்றேன். 2022-ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவன். மின்சாரத்தை ஆள்வோரைத் தெரிவதற்கு எனக்கோ என் அயலவர்க்கோ ஒருநாளும் வாக்குக் கிடைத்ததில்லை. அது அரசினர் நியமிக்கும் பதவி என்பதால் யாரும் அதை ஒரு குறையாகவும் கருதியதில்லை. ஆயின், மின்சாரம் நுகர்வோரே அதனை வழங்கும் நிறுவனத்தின் உரிமையாளராயிருந்து, அதன் பணிப்பாளரைத் தாமே வாக்கிட்டுத் தெரியும் ஊர்களும் உலகில் உள. அவற்றின் கதை நாம் அறியத்தக்கது.

அமெரிக்காவில் 1930-களின் நடுவே பத்துப் பண்ணை வீடுகளுள் ஏறக்குறைய ஒன்றிலேதான் மின்விளக்கு எரிந்தது. நகரத்துக் கம்பனிகள் தொலைவிலுள்ள நாலு வீடுகளுக்காகக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க விரும்பவில்லை. இலாபம் இல்லை என்றன. 1935 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ற் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு நிருவாகத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டில் அதற்குச் சட்டமும் வந்தது. குறைந்த வட்டிக் கடனைப் பெரும்பாலும் பெற்றவை உழவர் தாமே கூடி அமைத்த கூட்டுறவுச் சங்கங்கள். இன்று அந்நாட்டில் அத்தகைய சங்கங்கள் ஏறத்தாழத் தொள்ளாயிரம் உள்ளன. கம்பனியிற் பங்கு மிகுந்தவனுக்கு வாக்கு மிகுதி. கூட்டுறவிலோ ஆலை வைத்திருப்பவனுக்கும் ஒரு வாக்கு, ஒரு குமிழ் எரிக்கும் கைம்பெண்ணுக்கும் ஒரு வாக்கு. கேட்பதற்கு எத்துணை இனிதாயிருக்கின்றது!

டெக்சாஸ் மாநிலத்திலே பெடர்னாலிஸ் என்னும் ஆற்றின் பெயரால் 1938-இல் ஒரு சங்கம் அமைந்தது. மைலொன்றுக்கு மூன்று வீடுகளேனும் இருந்தால்தான் கடன் என்பது அந்நாள் விதி. அவ்வறண்ட குன்றுநாட்டில் அவ்வளவு வீடுகள் இல்லை. அத்தொகுதியின் இளம் பிரதிநிதி வாஷிங்டனில் வாதாடி அக்கடனைப் பெற்றுக் கொடுத்தார். பின்னாளிற் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜோன்சனே அவர். 1939-இல் அங்கே விளக்குகள் எரிந்தன. காலப்போக்கில் அச்சங்கம் அந்நாட்டு மின்கூட்டுறவுச் சங்கங்களுள் மிகப் பெரியதாயிற்று. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அதற்கு இருந்தன.

ஆண்டுதோறும் பொதுக்கூட்டமும் நடந்தது, தேர்தலும் நடந்தது. யாரை நிறுத்துவது என்பதை உரைக்க ஒரு குழு உண்டு. அக்குழுவை அமைப்பது பணிப்பாளர் சபையே. தம்மைத் தெரிவோரைத் தாமே தெரிந்துகொண்ட பணிப்பாளர் பல்லாண்டுகள் எழாமல் இருந்தனர். வழக்கொன்று 2007-இல் அங்கத்தவரால் தொடரப்பட்ட பின்னரே கதவு திறந்தது. 2008-இல் முதன்முதலாகப் போட்டித் தேர்தல் நடந்தபோது ஐந்து இடங்களுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். அத்தனை பேர் அதுகாறும் எங்கேயிருந்தனர் என்று வினவுவதினும், அவர்களை உள்ளே விடாத கதவு எது என்று வினவுவதே தக்கது. 2010 டிசெம்பரில், அச்சங்கத்தின் முன்னாட் பொது முகாமையாளர் களவு முதலிய குற்றங்கள் புரிந்தவரென யூரர் தீர்ப்பளித்தனர். சங்கம் சட்ட ஆலோசனைக்கென்று கொடுத்த பணத்தில் ஒரு பகுதி, முகாமையாளரின் உடன்பிறந்தானுக்கும் பணிப்பாளர் ஒருவரின் மகனுக்கும் வழக்கறிஞர் நிறுவனத்தின் வாயிலாகச் சென்றது என்பதே குற்றச்சாட்டு.

உடன்பிறந்தான், மகன் என்னும் இச்சொற்களைக் கண்டதும் என் நினைவு மீண்டும் உத்தரமேரூர்ச் சுவருக்கே சென்றது. குடவோலை என்றவுடன் நம் மேடைப் பேச்சாளர் குடத்தையும் ஓலையையும் மட்டுமே காட்டுவர். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர் என்பது காட்சிக்கு இனியதுதான். (குடத்தின் பொறியை நீக்கி ஓலையை இழுத்தெடுக்கும் செயலைப் போர்க்களத்துப் பறவை பிணத்தின் குடரை இழுப்பதற்கு உவமையாக்கிய செய்யுள் அகநானூற்றில் உண்டு, 77-ஆம் பாட்டு. தேர்தல் முடிவை எதிர்பார்த்திருக்கும் வேட்பாளரின் வயிற்றைப் புலவர் அறிந்திருந்தார் போலும் என்று வகுப்பிலே சொல்வேன், மாணவர் சிரிப்பர்.) ஆனால் அக்கல்வெட்டின் உயிர் குடத்தில் இல்லை, குடத்தினுள் எவர் ஓலை செல்லக்கூடாது என்னும் பகுதியிலேயே இருக்கின்றது.

வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவன் மீண்டும் வரலாகாது. அவன் மட்டுமோ? அவனுடைய சிறியதாய் பெரியதாய் மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், தமக்கை தங்கையரை மணந்தோன், மருமகன், தந்தை, மகன் என்று உறவு முறையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி அவர்களையும் விலக்குகின்றது அவ்விதி. ஒருமுறை இருந்தவன் மூன்றாண்டு கழியாமல் மறுமுறை இருத்தல் கூடாது. பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். யாப்பிலக்கணம் வகுப்பார்போல் ஒரு வழியும் ஒழியாது அடைத்திருக்கின்றனர். அடைக்கவேண்டிய அளவுக்கு முன்னே ஏதோ நிகழ்ந்திருத்தல் வேண்டும்; இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி மீண்டும் பொறித்ததும் அதனையே உணர்த்துகின்றது என்பது என் கருத்து.

அதனைக் குடியாட்சியின் பொற்காலம் என்று புகழ்வாரோடு யான் உடன்படேன். அது பிராமணர் ஊரின் சபை. காணிக்கடன் செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர் ஓலை மட்டுமே குடத்திற் புகும். உழுதவன் ஓலை புகாது. பெண்ணின் ஓலை புகாது. பிறர் மனையிற் குடியிருந்தவன் ஓலையும் புகாது. இக்கடைசி விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

இந்தியாவிலும் மின்கூட்டுறவு முயற்சி நடந்தது. 1969-இல் கிராம மின்மயமாக்கற் கழகம் தோன்றிய காலையில், அமெரிக்கச் சங்கங்களின் துணையோடு ஐந்து இடங்களில் இம்முறையைத் தொடங்கினர். அவற்றுள் மராட்டியத்து முளா-பிரவரா சங்கம் 2011-இல் மின்வழங்கும் உரிமத்தை இழந்தது. தெலுங்கானாவில் விசைத்தறிகள் நிறைந்த சிர்சில்லாவின் சங்கமும், கன்னட நாட்டில் பெல்காம் மாவட்டத்து ஹுக்கேரிச் சங்கமும் தேர்தல் நடத்தி வந்தன. சிர்சில்லாவில் 2022 டிசெம்பரில் பதினைந்து பணிப்பாளர் இடங்களுக்கு நடந்த தேர்தல் சட்டமன்றத் தேர்தல் போலவே இருந்தது. கட்சிகள் நேரே இறங்கின. எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர் வாக்காளராயிருந்தனர். அந்நாளைய ஆளுங்கட்சியின் ஆதரவு பெற்றோரே பெருவெற்றி பெற்றனர். ஹுக்கேரியில் 2025 செப்டெம்பரில் நடந்த தேர்தல் அவ்வட்டாரத்து இரு பெரும் அரசியற் குடும்பங்களின் வலிமைக்குச் சோதனைக் களமாயிற்று.

கட்சி புகுந்ததால் கூட்டுறவு கெட்டது என்று முகஞ்சுளிப்பது எளிது. ஆனால் அமெரிக்காவின் மின்கூட்டுறவுச் சங்கங்களில் நான்கில் ஏறத்தாழ மூன்றில், பத்து அங்கத்தவரில் ஒருவர்கூடத் தேர்தலுக்கு வருவதில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. அந்த அமைதியிலேதான் பெடர்னாலிஸ் போன்றவை நிகழ முடிந்தது. சந்தடி மிகுந்த சிர்சில்லாவிலே மக்கள் வரிசையில் நின்றேனும் வாக்கிட்டனர். இரண்டிலொன்றை ஏற்க வேண்டுமெனின் யான் சந்தடியையே ஏற்பேன். எனினும் கட்சிக் கொடியோடு வந்த வாக்கு, மின்மாற்றி பழுதானால் எத்தனை நாளில் திருத்துவார் என்பதையோ, கொள்விலை என்ன விற்பனை விலை என்ன என்பதையோ கேட்பதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

நம் நாட்டில் கூட்டுறவுக்கு வயது நூற்றுக்கு மேல். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது அது. 1957 முதல் பலநோக்குச் சங்கங்கள் பரவின. 1970-களின் தொடக்கத்தில் சிறு சங்கங்களை ஒன்றாக இணைத்துப் பெருஞ்சங்கங்களாக்கியபோது, பணிப்பாளருட் பெரும்பான்மையோரை அரசினரே நியமிக்கும் முறை வந்தது. கிளைக்குழுவும் பொதுச்சபையும் இருந்தன. வாக்குக்குத்தான் எடை இல்லை. பழக்கம் பொல்லாதது. நியமனம் தளர்ந்த பின்னரும் கூட்டங்களில் அதன் நிழல் நீங்கவில்லை. யான் அங்கத்தவனாயிருந்த ஒரு சிக்கன கடனுதவிச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நினைவுக்கு வருகின்றது. தெரிவு செய்யப்படுவோர் பெயர்கள் முன்னரே தட்டச்சில் இருந்தன. ஒருவர் பிரேரித்தார், மற்றவர் ஆமோதித்தார்; மூச்சு விடுமுன் பதினொரு பேர் தெரிவாயினர். கணக்கறிக்கை “வாசித்ததாகக் கொள்ளப்பட்டது”. செலவினம் ஒன்றைப் பற்றி எழுந்து வினவினேன். “பண்டிதர் ஐயா, கூட்டம் முடிய கந்தோருக்கு வாருங்கோ, விளக்கமாய்ச் சொல்லுகிறோம்” என்றார் தலைவர். சென்றேன். அலுமாரித் திறப்பு செயலாளரிடம் இருந்தது; செயலாளர் வீட்டுக்குப் போய்விட்டார். தேநீரும் வடையும் நன்றாயிருந்தன என்பதைச் சொல்லாதுவிடின் நன்றிகொன்றவனாவேன்.

இதற்கு மாறாக, சப்பிரகமுவ மத்திய மாகாண மலைகளிலே 1990-கள் தொடங்கி எழுந்த மின் நுகர்வோர் சங்கங்களைச் சொல்லலாம். தேசிய மின்கம்பி எட்டாத சிற்றூரார் ஓடையைச் சிற்றணையால் மறித்து, வாய்க்கால் வெட்டி, குழாய்வழி நீரை இறக்கிச் சுழலியைச் சுழற்றி, சில பத்து வீடுகளுக்கு மின்சாரம் பகிர்ந்துகொண்டனர். சிரமதானமாக மண் சுமந்தவரே அங்கத்தவர். ஒரு வீட்டுக்கு இருநூறு வாற் அளவு கிடைத்தாலே பெரிது; ஒருவர் மின்னழுத்தியைப் போட்டால் ஊரெல்லாம் விளக்கு மங்கும். அத்தகைய இடத்தில் தனாதிகாரியின் கணக்கு மறைந்திருக்க முடியுமோ? குமிழே சொல்லிவிடும். அங்கே தலைவரையும் செயலாளரையும் தெரிதல் வீட்டுக்கு வீடு முகமறிந்த செயல். உலக வங்கிக் கடனுதவியால் இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கணக்கிற் பெருகின. தேசிய மின்கம்பி வந்து சேர்ந்ததும் பல கைவிடப்பட்டன. இடையறாத மின்சாரம் கிடைத்தது. கூட்டம் கூடும் வழக்கம் போயிற்று. மின்சாரத்தை விட்டு வாக்கைப் பிடித்துக்கொள்ளுமாறு இருட்டில் இருந்தவரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கின்றது?

அம்மலைகளின் மறுபுறத்திலேயே நம்மவர் வாழும் தோட்டங்கள் உள்ளன. அங்கும் கூட்டுறவு உண்டு. லயக்குடியிருப்பைத் திருத்தவும் வீடு கட்டவும் மின்னிணைப்புப் பெறவும் கடன் வழங்குதற்கென 1990-களிலிருந்து தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அங்கத்தவர் தொழிலாளர், தவணையும் அவர்கள் சம்பளத்திலிருந்தே கழிந்தது. ஆனால் தலைவர் நாற்காலியில் தோட்ட முகாமையாளரே அமர்வது பல தோட்டங்களில் வழக்கமாயிற்று. காலையில் பெயர் பதிந்து வேலை கொடுப்பவரின் தலைவரே மாலையிற் கூட்டத்துக்கும் தலைவர் என்றால், கணக்கு எங்கே என்று எழுந்து கேட்கும் கொழுந்துக்காரி யார்? உத்தரமேரூர்க் கல்வெட்டு பிறர் மனையிற் குடியிருந்தவனைக் குடத்தினின்று விலக்கிற்று என்றேன். இங்கே விதி எழுதவேயில்லை. லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம் என்ற ஒன்றே போதியதாயிற்று.

2024-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க மின்சாரச் சட்டம், 1969-இற் பிறந்த மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு வழி வகுத்தது. அக்கம்பனிகளின் பணிப்பாளர் யாவர், எங்ஙனம் தெரியப்படுவர் என்ற செய்திகள் நாளேடுகளில் வந்தன. நுகர்வோர் வாக்கிடுதல் பற்றி அவற்றுள் ஒரு சொல் இல்லை. கட்டணத்தை உயர்த்துமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். சென்று சில நிமிடம் பேசலாம். தோட்டங்களிலோ, ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கு உறுதியும் பெற்றுத் தனிவீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் சில ஆயிரம் உள்ளன. அவ்வீடுகளில் மின்மானி அவர்தம் பெயரிலேயே பொருத்தப்படுகின்றது. தன் மனையிற் கட்டிய வீடு என்னும் பழைய தகுதி அவர்களுக்கு வந்துவிட்டது. அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அவர்களுள் ஒருவர் பெயரை யாரேனும் பிரேரிப்பாராயின், அதனை ஆமோதிப்பதற்கும் ஒருவர் வேண்டும்.