இரைப்பைப் புற்றுநோய்: கட்டியை அகற்றுவது எப்போது பயன் தரும்?

“கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?” முற்றிய இரைப்பைப் புற்றுநோய் என்று அறிந்த குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவே. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்றே பலர் எண்ணுகின்றனர். வேறு ஊரில் அறுத்து எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், நிலத்தை அடகு வைத்துப் பெங்களூருக்கோ சென்னைக்கோ புறப்படுவோரும் உண்டு. அவ்வாறு புறப்படும் முன்பு அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

1881ஆம் ஆண்டு ஜனவரியில் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் மருத்துவர், புற்றுக்கட்டி இருந்த இரைப்பைப் பகுதியை வெட்டி அகற்றி வெற்றி கண்டார். நோயாளியான பெண்மணி அறுவையிலிருந்து மீண்டார். ஆயினும் ஏற்கெனவே பரவியிருந்த நோயால் ஏறத்தாழ நான்கு மாதங்களில் இறந்தார். கத்தியால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

‘முற்றிய நோய்’ என்ற ஒரே சொல்லால் இருவேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன. கட்டி இரைப்பைச் சுவரைத் துளைத்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள்வரை மட்டும் சென்றிருப்பது ஒரு நிலை. இங்கு அறுவை சிகிச்சையே குணமடையும் வழி; அதற்கு முன்னும் பின்னும் கீமோதெரபி அளிக்கப்படும். கல்லீரலுக்கோ வயிற்றின் உட்சவ்வுக்கோ நோய் பரவியிருப்பது மற்றொரு நிலை. உட்சவ்வில் தூவினாற்போல் படியும் சிறு புள்ளிகள் சி.டி. ஸ்கேனில் தப்பிவிடக்கூடும். ஆகவேதான் சிலருக்கு முதலில் லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்க்கிறார்கள். அது வீண் செலவன்று.

பரவிய நிலையிலும் இரைப்பையை அகற்றினால் ஆயுள் நீளுமா? ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் 175 நோயாளிகளிடம் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. ‘ரெகட்டா’ என்னும் அந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 31.7 விழுக்காட்டினர் இரண்டாண்டுகள் உயிருடன் இருந்தனர். முதலில் இரைப்பையை அகற்றிப் பின்னர் கீமோதெரபி பெற்றவர்களில் 25.1 விழுக்காட்டினர். அறுவையால் ஆயுள் கூடவில்லை. கட்டி இரைப்பையின் மேற்பகுதியில் இருந்தவர்களால் அறுவைக்குப் பின் போதிய கீமோதெரபியை ஏற்க முடியவில்லை. இரைப்பை முழுவதையும் இழந்த உடல் மெலியும். மெலிந்த உடல் மருந்தைத் தாங்காது. எனவே ‘இப்போது அறுவை வேண்டாம்’ என்பது பெரும்பாலும் கைவிடுதல் அன்று, நோயாளியின் வலிமையைக் காப்பதாகும். எனினும் உணவு இறங்காமல் அடைப்பு ஏற்பட்டாலோ, இரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, துன்பத்தைக் குறைக்க அறுவை தேவைப்படலாம்.

அப்படியானால் எந்த மருந்து? இங்குதான் திசுவில் உள்ள குறிகாட்டிகள் உதவுகின்றன. அவற்றுள் முதன்மையானது ‘ஹெர்-2’ என்னும் புரதம். ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு நோயாளிகளில் ஒருவரிடம் இது மிகுதியாக இருக்கும். அத்தகையோருக்குக் கீமோதெரபியுடன் டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது வாழ்நாளின் நடுமதிப்பு 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாக உயர்ந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. நடுமதிப்பு என்பது கெடுநாள் அன்று; பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர். 2014 முதல் இம்மருந்து இந்தியத் தயாரிப்பாகவும் கிடைக்கிறது. ‘எம்.எஸ்.ஐ.’ என்னும் சோதனையில் உயர்நிலை காட்டுவோர் நூற்றுக்குச் சிலரே. ஆனால் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்துகள் அவர்களுக்கு நன்கு பயனளிக்கின்றன. பி.டி.எல்-1, கிளாடின் 18.2 ஆகியவையும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளன.

விலையுயர்ந்த சோதனைகளே நோயின் போக்கைச் சொல்லும் என்பதில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியும் ஆல்புமின் அளவும், வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதமும் முன்கணிப்புக்கு உதவுகின்றன. ஆல்புமின் குறைவும் அவ்விகித உயர்வும் கவலைக்குரியவை. ஆனால் எந்த ஓர் எண்ணும் தனியாக ஒருவரின் நாட்களைக் கணக்கிட்டுவிடாது. உடல் எடை குறைவதை உடனே தெரிவியுங்கள். ஒரே வேளையில் நிறைய உண்ண வற்புறுத்தாமல், முட்டை, தயிர், பருப்பு சேர்த்த கேழ்வரகுக் கூழ் போன்றவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள்.

எண்டோஸ்கோப்பியின்போது எடுத்த திசு, மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ‘பிளாக்’ என்று கேட்டால் தருவார்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்வதானால் அதையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். வெயிலில் நின்ற பேருந்தில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், மெழுகு உருகும். அதில் போதிய திசு இருந்தால் ஹெர்-2 சோதனைக்காக மீண்டும் குழாய் விட வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் உடன் எடுத்துச் சென்று, எச்சிகிச்சைக்கு அது பொருந்தும் என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். வீட்டிலிருந்தே வலிநிவாரணப் பராமரிப்புத் தேவைப்படுவோர், 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளரிடம் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.