சளிக்காய்ச்சலும் பின்வரும் பகையும்

மழைக்காலம் வந்தால் எங்கள் தோட்டப் பள்ளியில் சளிக்காய்ச்சலும் வந்துவிடும். சென்ற பருவத்தில் ஒரு தாய், மூத்த மகன் உண்டு மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை இளையவனுக்குக் கொடுத்தார். "இரண்டும் காய்ச்சல்தானே ஐயா, மருந்தும் ஒன்றுதானே?" என்றார். அன்னையின் அன்பில் குறையில்லை, அறியாமையே குறை. அதனைப் போக்குவது ஆசிரியர் கடன் அன்றோ?

கிருமி என்று பொதுப்படக் கூறினும், வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு. பாக்டீரியா தானே உண்டு தானே பெருகும் உயிர். வைரஸோ நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் உழைப்பைக் கொண்டே பெருகுவது. பெனிசிலின் மருந்து பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டுவதைத் தடுக்கிறது. வைரஸுக்கு அத்தகைய சுவரே இல்லை. பின், மருந்து எதைத் தடுக்கும்?

அங்ஙனமாயின் மருத்துவர் சில வேளை இம்மருந்தைத் தருவது ஏன்? நம் மூச்சுக்குழாயின் உட்புறத்து நுண்மயிர்கள் இடையறாது அசைந்து, தூசியையும் கிருமியையும் கோழையோடு மேலே தள்ளுகின்றன. இன்புளுவென்சா வைரஸ் அந்த உட்படலத்தைச் சிதைக்கிறது. காவல் குலைந்ததும், மூக்கிலும் தொண்டையிலும் அடங்கிக் கிடந்த பாக்டீரியா நுரையீரலுள் இறங்கும், நிமோனியா விளையும். 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் மாண்டோருள் மிகப் பலரைக் கொன்றது இப்பின்வந்த பகையே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அன்று பெனிசிலின் இல்லை. 1928இல்தான் அலெக்சாண்டர் பிளெமிங் அதனைக் கண்டறிந்தார்.

1957இல் ஆசியக் காய்ச்சல் பரவியபோது மருந்து இருந்தது. ஆயினும் மருத்துவமனைகளில் ஸ்டெபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் பல வகைகள் பெனிசிலினுக்கு அடங்க மறுத்தன. குறையளவு மருந்து இவ்வாபத்தை விளைக்கும் என்று பிளெமிங் 1945இலேயே தம் நோபெல் உரையில் எச்சரித்திருந்தார். மருந்து பட்டதும் எளியவை மடியும். எதிர்க்க வல்லவை எஞ்சிப் பெருகும். வேண்டாத வேளையில் உண்ணும் மாத்திரை, உடலில் வாழும் பிற பாக்டீரியாக்களிடையே இவ்வேலையைத்தான் செய்கிறது.

இப்பாடத்தை உலகம் இன்னும் கற்றபாடில்லை. மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுள் 100க்கு 8 பேருக்கே பாக்டீரியாத் தொற்றும் இருந்தது. மருந்து பெற்றவரோ ஏறத்தாழ 75 பேர் என உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது.

அந்த இளையவன் ஐந்தாம் நாள் தேறி வந்தான். தாய் மாத்திரையைப் புகழ்ந்தார். சாதாரணச் சளிக்காய்ச்சலாயின், அவனைத் தேற்றியது மாத்திரையன்று. அவன் உடலின் காவலே.

ஆசிரிய அன்பர்களே! பெற்றோர்க்கு இவற்றை எடுத்துரைப்போம்: மிஞ்சிய மருந்தைப் பிறர்க்குக் கொடாதீர், சளிக்கென்று மருத்துவரிடம் இம்மருந்தை வற்புறுத்திக் கேளாதீர். ஆனால், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. பின்வரும் பகை அதுவாக இருக்கலாம். அன்று கைகொடுக்க வேண்டிய மருந்தை இன்றே வீணாக்கலாமா?