கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடலாமா?

பிரசவத்துக்குச் சட்டம் தரும் லீவு 84 நாள். பிள்ளைக்கோ 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். இடையில் யார் பார்ப்பது? "லயத்துல பாட்டி இருக்காங்கதானே" என்பார்கள். பாட்டி இல்லாத வீட்டில் மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் நின்றுபோவதும் உண்டு. ஆகவே காம்பரா கைப்பிள்ளையை ஏற்பதே நல்லது. ஆனால், ஓடித் திரியும் பிள்ளைகளோடு கைப்பிள்ளையையும் ஒரே ஆயாம்மா எப்படிப் பார்ப்பார்? தனி ஆள், தனித் தொட்டில் கேளுங்கள்.

பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகலாம், இதுவும் சட்டம்தான். காம்பரா இருந்தால் தடவைக்கு அரைமணி, இல்லாவிட்டால் ஒரு மணி. தூரத்து மலையென்றால் நடையிலேயே அரைமணி போய்விடுமே! பக்கத்து மலையில் நிரை தரும்படி கங்காணியிடம் கேளுங்கள். பீய்ச்சி மூடிவைத்த பால் 4 மணித்தியாலம் கெடாது. அதைக் கோப்பையால் ஊட்டச் சொல்லுங்கள், சூப்பிப் போத்தல் வேண்டாம்.